பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?



என் தாய்மாமா டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு நான் அங்கே போவேன். "பொம்பளப் புள்ளைக்கு கரண்டு வேலை எதுக்கு?" என்று அம்மா திட்டுவார். மாமாவோ, "கரண்டுக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியாதுக்கா. பயமில்லாம தொட்டா யாரா இருந்தாலும் அடிக்கும்" என்பார். அவரிடம் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி. அது உச்சத்துக்குப் போகும்போது சுமார் 325 வோல்ட் இருக்கும். டிவியின் பவர் போர்டில் பெரிய கண்டென்சர் ஒன்று உண்டு. நம் பாடத்தில் அதுதான் மின்தேக்கி. அது அந்த உச்சம் வரை நிரம்பிவிடும். குழாயை மூடினாலும் குடத்துத் தண்ணீர் குடத்திலேதானே இருக்கும்? அதுபோல பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சரில் கரண்ட் நிற்கும். நல்லா ஓடுகிற டிவி அதைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். கெட்டுப்போன டிவியில் இழுக்க ஆளில்லை, ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். ரிப்பேருக்கு வருவதெல்லாம் கெட்டுப்போன டிவிதான்!

கடை ஆரம்பித்த புதிதில் மாமா அதை ஸ்குரு டிரைவரால் ஷார்ட் பண்ணினாராம். 'டப்' என்று தீப்பொறி பறந்து முனை உருகிப்போச்சாம். அந்த ஸ்குரு டிரைவரை இன்னும் வைத்திருக்கிறார்.

இப்போது முதலில் பிளக்கைப் பிடுங்குவார். பிறகு ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் கண்டென்சர் கால்களில் வைப்பார். பல்பு மினுக்கென்று எரிந்து அணையும். அப்படியும் நம்பமாட்டார். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பார்.

ரிப்பேர் முடிந்ததும் நேராக கரண்ட் கொடுக்கமாட்டார், இன்னொரு குண்டு பல்பு வழியாகக் கொடுப்பார். அதுதான் சீரிஸ் பல்பு. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒருதடவை எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. "சீரிஸ் பல்பு போர்டைத்தான் காப்பாத்தும், உன்னை காப்பாத்தாது" என்று மாமா அடிக்கடி சொல்வார். அதனால் கரண்ட் இருக்கும்போது மரப்பலகைமேல் நின்று, ஒரு கையால் மட்டும் மீட்டர் வைப்பார். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். கடையில் தனியாக இருந்தால் இந்த வேலையையே தொடமாட்டார். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நம் பள்ளியில் சிலர் பழைய எல்.இ.டி. பல்பைக் கழற்றி எரியவைத்துப் பார்க்கிறீர்கள். பல பல்புகளில் அந்த மஞ்சள் பொட்டுகளுக்கு வீட்டு கரண்ட் நேராகவே வருகிறது. பொட்டு சின்னது, ஷாக் சின்னதில்லை. தயவுசெய்து வேண்டாம்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு" என்றார். இந்தத் தடவை திட்டவில்லை.



— 9ஆம் வகுப்பு மாணவி