பனிமலையில் நீளக் கவுன்!

1863-ஆம் ஆண்டு. தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர் முதன்முறையாக ஒரு கோஷ்டியைச் சுவிட்ஸர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அதில் ஜெமிமா மாரல் என்ற பெண்மணியும் ஒருவர்.

மலை ரயில் ஏறாத காலம் அது. தரையைக் கூட்டும் நீளக் கவுனுடன் கோஷ்டியிலிருந்த பெண்கள் பனியாற்றைக் கடந்தார்கள். செங்குத்தான கெம்மி கணவாயைத் தாண்டினார்கள். ரிகி மலை உச்சியில் சூரியோதயம் கண்டார்கள். என்ன துணிச்சல்!

பட்ட சிரமங்களையெல்லாம் ஜெமிமா வேடிக்கையாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அது எங்கோ மறைந்து போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடத்தில், ஒரு தகரப் பெட்டிக்குள் அகப்பட்டது! 1963-இல் அச்சேறியது.

குக் தொடங்கிய பிரிட்டிஷ் கம்பெனி 2019-இல் முறிந்துவிட்டது. ஜெமிமாவின் எழுத்தோ நிலைத்து நிற்கிறது.

யாத்திரை புறப்படும் சகோதரிகளே, ஊறுகாய்ச் சாடியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்!