பயர் ஆபீஸ் ஊரும் 9 வோல்ட் பேட்டரியும்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினா, முதல்ல எண்ணெய் பரோட்டா. அதுல மாற்றுக் கருத்துக்கே இடமில்லை பாஸ்! வயிறு நிறைஞ்சதும் காமராஜர் பிறந்த வீட்டை ஒரு ரவுண்டு பார்த்துடுங்க. அப்புறம் ரெண்டு ரோடு இருக்கு. ஒண்ணு சிவகாசிக்கு. இன்னொண்ணு அருப்புக்கோட்டைக்கு. ரெண்டு பக்கமும் போகணும். ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

முதல்ல சிவகாசி. ஆமத்தூர், திருத்தங்கல் வழியா பஸ் போகும்போது ஜன்னல் சீட் பிடிச்சுக்கோங்க. கரிசல் காட்டுக்கு நடுவுல, வேலிக்குள்ள, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம சின்னச் சின்ன அறைகள் தெரியும். அதுதான் பட்டாசுத் தொழிற்சாலை. ஆனா அப்படிச் சொன்னா நீங்க வெளியூர்னு கண்டுபிடிச்சுடுவாங்க. இங்கே அதுக்குப் பேர் ‘பயர் ஆபீஸ்’. தீப்பெட்டி செய்யுற இடம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’. நம்ம கேம்பஸ் இன்டர்வியூ ஆபீஸ் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்!

அறைகள் ஏன் தள்ளித் தள்ளி இருக்கு? ஒண்ணு வெடிச்சா பக்கத்து அறைக்குப் பரவக் கூடாதுன்னுதான். ஓர் அறையில இத்தனை பேர்தான் உட்காரணும், இவ்வளவு மருந்துதான் வைக்கணும்னு கணக்கு உண்டு. (மருந்துன்னா வெடிமருந்து. ஆஸ்பத்திரி மருந்து இல்லை.) ஓடித் தப்பிக்க ஒண்ணுக்கு மேல வாசல் வேணும். உள்ளே நுழையும் முன் உடம்புல இருக்குற ஸ்டேட்டிக் மின்சாரம் இறங்க உலோகத் தகட்டைத் தொடணும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல நாம தூங்கிக்கிட்டே கேட்ட பாடம் இங்கே உயிர் சமாச்சாரம்.

ஆனா ரூல் புக் வேற, தீபாவளி ஆர்டர் வேற. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும். உள்குத்தகைக்கு எடுத்து நடத்துறவர் வேறொருத்தர். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில கூட்டம். அறையில இடம் இல்லைன்னா மரத்தடியில வேலை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நடுவுல, பேப்பர்ல ரெண்டு பத்தியோட முடிஞ்சுபோன விபத்துகள் எத்தனையோ.

இந்த மாதிரி அஜாக்கிரதைச் சாவுக்கு இந்திய தண்டனைச் சட்டம் வெச்சிருந்த பிரிவு 304-ஏ. அதிகபட்சம் 2 வருஷம். சில கேஸ்களில் இதைவிடக் கடுமையான பிரிவும் போடுவாங்க. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 2 வருஷம், 5 வருஷம் ஆச்சு. இந்த மருந்து வெடிக்கும், ஆட்கள் சாவாங்கன்னு தெரிஞ்சே விதியை மீறினாலும், கேஸ் பெரும்பாலும் ‘அஜாக்கிரதை’ன்னுதான் ஆரம்பிக்கும். ‘தெரியும்’ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க. இப்போ வண்டியைத் திருப்புவோம்.

அருப்புக்கோட்டை. நெசவும் மல்லிகையும் மணக்குற ஊர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ரவிச்சந்திரனுக்கு இதுதான் ஊர். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது மன்னிக்கக்கூடிய விஷயம் இல்லை. ராஜீவோடு, டூட்டியில் இருந்த போலீஸ்காரங்களும் கட்சிக்காரங்களும் சிதறிப் போனாங்க. அந்தக் கோபத்தோட கேஸ் நடந்தது தடா சட்டப்படி. மூடின கதவுக்குள்ள விசாரணை. சாதாரண வழக்குல போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது. தடாவில் ஒரு எஸ்.பி. எழுதி வாங்கினாலே செல்லும். அப்பீலுக்கு ஹைகோர்ட் கிடையாது, நேரா சுப்ரீம் கோர்ட்.

1998 ஜனவரி 28-ம் தேதி பூந்தமல்லி தடா கோர்ட் தீர்ப்பு சொன்னது: 26 பேர், 26 பேருக்கும் தூக்கு. அருப்புக்கோட்டை ரவிச்சந்திரன் உட்பட.

அடுத்த வருஷம் மே 11-ல் சுப்ரீம் கோர்ட் 19 பேரைப் போகச் சொல்லிவிட்டது. ரவிச்சந்திரன் உட்பட 3 பேருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன்... இந்த 4 பேருக்கு மட்டும் தூக்கு உறுதி. இது தடா குற்றமே இல்லைன்னும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனா தடாவில் வாங்கின வாக்குமூலங்கள் மட்டும் செல்லுமாம்! எக்ஸாமே கேன்சல், மார்க் மட்டும் செல்லும்ங்கிற மாதிரி. எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

பேரறிவாளன் கேஸை எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்க கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. கைதானப்போ வயசு 19. என்னைவிட ஒரு வயசு சின்னவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அது வெடிகுண்டுல பயன்பட்டது என்பது அவர் மேல இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. நம்ம மினி புராஜெக்ட் டப்பாவில் உருண்டுக்கிட்டு இருக்குமே, அதே சைஸ் பேட்டரி. எதுக்குன்னு தெரிஞ்சு வாங்கினாரா, தெரியாம வாங்கினாரா? மொத்த கேஸும் அந்த ஒரு வரியில தொங்குது.

அந்த வாக்குமூலத்தை எழுதினவர் சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன். 2013-ல், ரிட்டயர் ஆன பிறகு, அவரே வெளிப்படையா சொன்னார்: பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்னதை நான் எழுதாம விட்டுட்டேன்னு! தீர்ப்பு உறுதியாகி 14 வருஷம் கழிச்சு. நடுவுல 2011 செப்டம்பர் 9-ம் தேதின்னு தூக்குக்கு நாளே குறிச்சாச்சு. ஆகஸ்ட் 30-ல் ஹைகோர்ட் தடை போட்டது. அது மட்டும் வரலைன்னா, 2013-ல் அந்த ஆபீசர் யாருக்காக வாயைத் திறந்திருப்பார்?

தூக்கு வேணும்னு சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஒதுக்கிட முடியாது. அந்தக் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைச்ச ஒரு போலீஸ் அதிகாரியே விடுதலையை எதிர்த்தாங்க. அந்த வலிக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா ஹாஸ்டல்ல ‘இவனையெல்லாம் நிக்க வெச்சு...’னு ஈஸியா சொல்றோமே, அந்த ‘இவன்’ யார்னு கோர்ட்டே 26-ல் 19 தடவை மாத்திச் சொல்லியிருக்கு. அதுதான் எனக்கு உறுத்துது. 2016-ல் டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நாடு முழுக்கத் தூக்குக் கைதிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. முக்கால்வாசிப் பேர் ஏழைகள். நல்ல வக்கீல் வைக்கக் காசு இல்லாதவங்க. பயர் ஆபீஸ்ல மருந்து திணிக்கிறவங்க எந்தப் பக்கமோ, அதே பக்கம். அதுக்காக ஓனர்களைத் தூக்குல போடுன்னு நான் கேட்கலை. சாகுறது ஒரே பக்கமா இருக்கேன்னுதான் கேட்கிறேன்.

மீதிக் கதை வேகமா: நளினியின் தூக்கு 2000-லேயே ஆயுளானது. மற்ற 3 பேருக்கு 2014 பிப்ரவரி 18-ல், கருணை மனுவை 11 வருஷம் கிடப்பில் போட்டதைக் காரணம் காட்டி சுப்ரீம் கோர்ட் தூக்கை ரத்து செய்தது. 2022 மே 18-ல் பேரறிவாளன் விடுதலை. உள்ளேயே பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடிச்சிருந்தார். நவம்பர் 11-ல் ரவிச்சந்திரன் உட்பட மீதி 6 பேர். 26 தூக்குத் தண்டனையில கடைசியில தூக்குல ஏறினது யாருமில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு அடிக்கடி பஸ் இருக்கு. கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். அங்கே மத்திய சிறையில்தான் ரவிச்சந்திரன் இருந்தார். ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டுற அந்த ரூட்ல, சுமார் 30 வருஷத்துல அவர் ஊருக்கு வந்தது சில தடவை, பரோல்ல, போலீஸ் காவலோட.