ஊரில் புயல், கையில் வோல்டேஜ்

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்துகொண்டிருந்தது. கடலூரில் அப்பா, அம்மா மட்டும். நான் பெங்களூரில் மொபைலைப் பார்த்தபடி. வீட்டு மெயின் போர்டில் மாட்டிய வைஃபை மீட்டர், 230-ஐ ஒட்டி இருக்கவேண்டிய வோல்டேஜை 170 என்றது. சற்று நேரத்தில் 280.

இப்படி ஏறி இறங்கினால் பெரும்பாலும் நியூட்ரல் தளர்ந்திருக்கும். மும்முனை லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டுக்கு வோல்டேஜ் செத்துப்போகும், பக்கத்து வீட்டுக்கு 400 வரைகூட ஏறலாம். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் புகைந்துவிடும். உடனே போன் போட்டேன். "அப்பா, கை ஈரமில்லாம மெயினை இறக்கிடுங்க." இறக்கிவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் முக்கியமானது மீட்டர் அல்ல, ரவுட்டருக்கு வைத்த சின்ன யுபிஎஸ். அது இல்லாவிட்டால் கரண்ட் போன நொடியே தகவலும் நின்றுவிடும்; போனது கரண்டா, நெட்டா என்றே தெரியாது. மீட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் ஓட்டி, லைனை அளக்க மட்டும் தனி ஒயர் கொடுக்கவேண்டும். இதை எலக்ட்ரீஷியன்தான் செய்யவேண்டும்.

கரண்ட் திரும்பியதும் ஃபிரிட்ஜைப் போட்டுவிடாதீர்கள். வோல்டேஜ் சில நிமிடம் நிலையாக நிற்கட்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, ஐப்பசிக்கு முன் பெற்றோர் வீட்டு எர்த்தையும் நியூட்ரல் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள்: 94987 94987.