ஃபுல் டேங்க் வேண்டாம் கேப்டன்!

டீசல் காருக்கு அவசரத்தில் பெட்ரோல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? வண்டி ரோட்டோரம் நின்றுபோகும். மெக்கானிக் வந்து டேங்க்கைக் காலி பண்ணுவார். வீட்டில் அர்ச்சனை கிடைக்கும். அவ்வளவுதான். ஆனா ஹெலிகாப்டருக்கு 'ஓரமா நிறுத்து' வசதி கிடையாது பாஸ். அதனால்தான் அந்த உலகத்தில் எண்ணெய் விஷயத்தில் இத்தனை சட்டதிட்டம்.

ஹெலிகாப்டர் எரிபொருள் மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு ஜாதி. ராபின்சன் ஆர்-22, ஆர்-44 மாதிரி குட்டி ஹெலிகாப்டர்களில் இருப்பது நம்ம பைக் போலவே பிஸ்டன் இன்ஜின். அது குடிப்பது ஏவ்கேஸ். உயர் ரக பெட்ரோல், நீல நிறச் சாயம் கலந்திருக்கும், இன்றைக்கும் அதில் ஈயம் உண்டு. '100 எல்.எல்.' என்கிற இந்தச் சமாச்சாரத்தை 2022 வரைக்கும் நம்ம நாடு முழுக்க முழுக்க இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. அந்த வருஷம்தான் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரித்து விற்க ஆரம்பித்தது. இன்னொரு ஜாதி, பெரிய ஹெலிகாப்டர்களின் டர்பைன் இன்ஜின் குடிக்கும் ஏ.டி.எஃப். புத்தகத்தில் 'ஜெட் ஏ-1' என்று இருக்கும். பழைய ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு ஒண்ணுவிட்ட அண்ணன்!

இதை அதில் ஊற்றினால்? பிஸ்டன் இன்ஜினுக்கு ஏ.டி.எஃப். விஷம். உள்ளே கண்டபடி வெடித்து, பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். கொடுமை என்னவென்றால், பைப்பில் மிச்சமிருக்கும் நல்ல எண்ணெயில் ஸ்டார்ட் ஆகிவிடும், கிளம்பியும் விடும், வானத்துக்குப் போனபிறகுதான் வேலையைக் காட்டும். இதற்குப் பயந்தே ஏவ்கேஸுக்குச் சிவப்பு லேபிள், ஏ.டி.எஃப்.புக்குக் கறுப்பு லேபிள் என்று வைத்திருக்கிறார்கள். ஏ.டி.எஃப். நாசிலை வாத்து மூக்கு மாதிரி அகலமாகச் செய்து, ஏவ்கேஸ் டேங்க்கின் சின்ன வாய்க்குள் நுழையவே முடியாதபடி பண்ணியிருக்கிறார்கள். நேர்மாறாக, சில டர்பைன்களில் ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஏவ்கேஸை அனுமதிப்பதுண்டு. அதுவும் மேனுவலில் போட்டிருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு மேல் போனால் உள்ளே ஈயம் படிந்துவிடும்.

மூன்றாம் வருஷ லீவில் ஒரு ஹேங்கரில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். ஏரோநாட்டிக்கல் பையன் ஆச்சே, ரோட்டரைத் தொட விடுவார்கள் என்று கனவு. முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் கையில் கொடுத்தது ஒரு கண்ணாடி பாட்டில்! சீனியர் டெக்னீஷியன் அண்ணன் ஒருத்தர் டேங்க்கின் அடியில் இருந்த வால்வை அழுத்தி, கொஞ்சம் எண்ணெயை அதில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"எண்ணெய்ணே."

"அடியில பாரு தம்பி."

கடுகு அளவுக்கு ஒரு குமிழ், பாட்டிலின் அடியில் உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர். ராத்திரிக் குளிரில் டேங்க்குக்குள் வியர்த்த தண்ணீர், எண்ணெயைவிட கனம் என்பதால் அடியில் போய் உட்கார்ந்துவிடுமாம்.

"ஒரு சொட்டுதானேண்ணே?"

"இது மேல போனா ஐஸ் ஆகும். ஐஸ் போய் ஃபில்டர்ல நிக்கும். அப்புறம் டேங்க்ல எவ்வளவு எண்ணெய் இருந்து என்ன?"

ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரைக்கும் உறையாது என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எண்ணெய் உறையாது சரி, அதில் இருக்கும் தண்ணீர் பூஜ்யத்திலேயே உறையும் என்பதை அந்த பாட்டில்தான் சொல்லிக்கொடுத்தது. சுத்தமாக வரும்வரை விடாமல் பிடித்துப் பார்த்தார். பதினைந்து நாளும் எனக்குக் காலை டியூட்டி அதுதான்.

சரி, நல்ல எண்ணெய், சுத்தமான எண்ணெய். அப்போ டேங்க்கை ரொப்பிக்கொண்டு கிளம்பலாமா? இங்கேதான் ஹெலிகாப்டர் நம் மூளையோடு விளையாடுகிறது. பைக்கில் ஃபுல் டேங்க் என்றால் நிம்மதி. ஹெலிகாப்டரில் ஃபுல் டேங்க் என்றால் சுமை. மலைப் பயணங்களில் அதிகம் ஓடும் பெல் 407-ஐ எடுத்துக்கொள்வோம். டேங்க் ஏறக்குறைய 480 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 0.8 கிலோ என்று போட்டால் 385 கிலோ. அதாவது, நல்லா சாப்பிடுகிற ஐந்து பேர்! உயரத்தில் இந்த ஐந்து பேரையும், சீட்டில் உட்காருகிற ஆறு பேரையும் சேர்த்துத் தூக்க அதனால் முடியாது. எண்ணெயைக் குறைக்கணும், இல்லே ஆளைக் குறைக்கணும். டிக்கெட் வாங்கியவர் ஆள்தானே? அப்போ குறையப்போவது எது என்று யூகித்திருப்பீர்கள்.

குறைத்துக்கொண்டே போகக் கூடாது என்பதற்காகத்தான் ரிசர்வ் விதி. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டர், போகவேண்டிய இடத்துக்குப் போன பிறகும் 20 நிமிடம் பறக்க எண்ணெய் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கருவிகளை நம்பிப் பறந்தால் 30 நிமிடம். பெல் 407-க்கு 20 நிமிடம் என்பது சுமாராக 45 கிலோ. ஒரு ஸ்கூல் பெண்ணின் எடை. 'அந்த எண்ணெய் இல்லாட்டி இன்னொரு டிக்கெட் ஏத்தலாமே' என்று ஒரு முதலாளி மனசு கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

எண்ணெய் இருந்தும் செத்த கதை ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம், 2013 நவம்பர் 29, ராத்திரி. ரோந்து முடித்துத் திரும்பிய போலீஸ் ஹெலிகாப்டர், ஆட்கள் நிறைந்திருந்த ஒரு பப்பின் கூரை மேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் 3 பேர், பப்பில் 7 பேர் இறந்துபோனார்கள். விசாரணை அதிகாரிகள் மெயின் டேங்க்கைத் திறந்தபோது உள்ளே 76 கிலோ எண்ணெய் பத்திரமாக இருந்தது! அதை இன்ஜினுக்கு எண்ணெய் ஊட்டும் சின்ன டேங்க்குக்குத் தள்ளிவிடும் பம்ப் சுவிட்சுகள்தான் ஆஃப். எண்ணெய் குறைகிறது என்ற எச்சரிக்கை ஐந்து முறை வந்திருக்கிறது. ஐந்து முறையும் பைலட் அதைப் பார்த்து பட்டனை அழுத்தியிருக்கிறார். அந்த எச்சரிக்கை வந்தால் 10 நிமிடத்துக்குள் தரையிறங்கு என்பது செக்லிஸ்ட். அனுபவமுள்ள அந்த பைலட் ஏன் இறங்கவில்லை என்பதற்கு 2015-ல் வந்த விசாரணை அறிக்கையிலும் விடை இல்லை.

இந்தக் கதையை எல்லாம் நான் ஹாஸ்டலில் ஃப்ரெண்ட்ஸுக்கு ஹாரர் படம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வீட்டில் கேதார்நாத் பிளான் போட்டார்கள். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா. கௌரிகுண்டிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் மலை நடை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸோ, ஹெலிகாப்டர். போனில் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏறலாமாடா? ஏறலாம்னா ஏறலாம்னு சொல்லு, கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லு. பாடம் நடத்தாதே."

பாடம் நடத்தாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. காரணம், 2022 அக்டோபர் 18. கேதார்நாத்திலிருந்து இறங்கிவந்த ஹெலிகாப்டர் மூடுபனியில் மலையில் மோதி, 7 பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 ஜூன் 15, கௌரிகுண்ட் பக்கத்தில் இன்னொன்று. மறுபடியும் 7 பேர், ஒரு குழந்தை உட்பட.

லைனில் பெரியப்பா வந்தார். "டேய், எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை இறக்கிட்டான்னு நீதானடா சொன்னே? கேதார்நாத் அதுல பாதிகூட இல்லையே!"

வாஸ்தவம். 2005 மே 14-ல் டிடியே டெல்சால் என்கிற பிரெஞ்சு பைலட், 8,848 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கி 3 நிமிடம் 50 விநாடி நின்றார். ஆனால் எப்படி? தேவையில்லாததை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஒரு ஈ, எறும்புகூட இல்லாமல், காலநிலைக்காகக் காத்திருந்து, தன்னந்தனியாக. "அதுல பெரியம்மாவோட மிக்சர் டப்பா இல்ல பெரியப்பா" என்றேன்.

விஷயம் இதுதான். ஹெலிகாப்டர் தொங்குவது காற்றை மிதித்து. கேதார்நாத் 3,583 மீட்டர், அதாவது சுமார் 11,750 அடி. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் எழுபது சதவிகிதம்தான். ரோட்டருக்கு மிதிக்கக் காற்று கம்மி, டர்பைனுக்கு மூச்சு விடவும் காற்று கம்மி. இதோடு வெயிலும் சேர்ந்தால் டபுள் அடி. அந்த உயரத்தில் புத்தகக் கணக்குப்படி இருக்க வேண்டிய குளிர் மைனஸ் 8 டிகிரி. மதியம் வெயில் அடித்து 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி கூடினால் சுமார் 120 அடி கூடினதாகக் கணக்கு. 23 டிகிரிக்கு ஏறக்குறைய 2,800 அடி! தரை அங்கேயேதான் இருக்கு. ஆனால் ஹெலிகாப்டருக்கு அது பதினாலாயிரத்து ஐந்நூறு அடி. காலையில் ஆறு பேரைத் தூக்கிய அதே மெஷின் மதியம் ஐந்து பேரோடு நிற்பது இதனால்தான்.

ஆக, 'இந்த ஹெலிகாப்டர் எத்தனை அடி வரை பறக்கும்?' என்ற கேள்விக்கு ஒற்றை நம்பர் பதில் கிடையாது. எத்தனை கிலோவோடு, எத்தனை டிகிரியில் என்று சேர்த்துக் கேட்கணும். ஒவ்வொரு ஹெலிகாப்டரின் மேனுவலிலும் இதற்கு கிராஃப் இருக்கும். அதிலும் இரண்டு கிராஃப். தரைக்கு மிக அருகில் மிதந்தால், கீழே தள்ளிய காற்று மெத்தை மாதிரி கொஞ்சம் தாங்கும். அந்த மெத்தை இல்லாத உயரத்தில் நிற்க இன்னும் அதிக சக்தி வேணும். மெத்தை கணக்கை நம்பி எடை ஏற்றிக்கொண்டு, பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டினால்... கீழே மெத்தை இருக்காது!

ஹெலிபேடில் எல்லாரையும் எடை மெஷினில் ஏற்றுவதும், 80 கிலோ தாண்டினால் கூடுதல் காசு கேட்பதும், பைக்கு 2 கிலோ என்று கறார் பண்ணுவதும் இந்த கிராஃபுக்காகத்தான். பெரியம்மா அதைக் கல்யாண வீட்டு அவமானம் போல எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

ஆள் மூச்சுக்கும் உயர விதி உண்டு. ஹெலிகாப்டர் கேபினில் விமானம் மாதிரி காற்றழுத்தம் கட்டுவதில்லை. 10,000 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினால் பைலட்டுக்கு ஆக்சிஜன் வேணும். 13,000-க்கு மேல் எல்லாருக்கும். கேதார்நாத் சவாரி சில நிமிஷம்தான் என்பதால் இதில் பிரச்னை இல்லை.

மேலே போவதற்குத்தான் லிமிட் என்று நினைக்காதீங்க. தாழப் பறப்பதுதான் இன்னும் பயங்கரம். இன்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழாது. இறங்கும் வேகத்திலேயே ரோட்டர் சுழன்று, மெதுவாகத் தரை சேரலாம். 1972-ல் ழான் பூலே என்பவர் 12,442 மீட்டருக்கு ஏறி, அங்கே இன்ஜின் அணைந்துபோய், அத்தனை உயரத்தையும் இன்ஜின் இல்லாமலேயே இறங்கி உயிரோடு வந்தார். நம்ம ராணுவம் சியாச்சினுக்கு ஓட்டுகிற சீட்டா, அவர் ஓட்டிய லாமாவின் இந்தியத் தம்பி. ஆனால் இந்த வித்தைக்கு உயரமோ வேகமோ கையிருப்பில் வேணும். இரண்டும் இல்லாத பகுதியை மேனுவலில் ஒரு கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அதன் செல்லப் பெயர், 'டெட் மேன்ஸ் கர்வ்'. கேதார்நாத் வனவிலங்கு சரணாலயத்துக்கு மேல் 600 மீட்டருக்குக் கீழே பறக்காதே என்று விதி இருப்பது மிருகங்கள் மிரளாமல் இருக்க. மீறுகிறார்கள் என்று வனத்துறை பலமுறை புகார் சொல்லியிருக்கிறது. மேகம் மேலிருந்து அமுக்க, பைலட் தாழ்ந்துகொண்டே போக, ஒரு கட்டத்தில் முன்னால் மலை. 2022-ல் அந்த ஏழு பேருக்கும் எண்ணெயோ இன்ஜினோ எமன் ஆகவில்லை, இந்த மூடுபனிதான்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னது மூன்றே விஷயம். "காலையில முதல் சவாரியில போங்க. யாராவது ஒருத்தர் இறங்கணும்னா சண்டை போடாம இறங்குங்க. பைலட் வெயிட் பண்ணுங்கன்னா வெயிட் பண்ணுங்க."

"அப்போ ஏறலாங்கறே."

"ஏறலாம்மா."

சொல்லிவிட்டேனே தவிர, அவர்கள் கிளம்பிய அந்த செப்டம்பர் வாரம் முழுக்க போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

போகும்போது பிரச்னை இல்லை. திரும்பும்போது, காலை ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கு முழுக்க பால் ஊற்றின மாதிரி மூடிக்கொண்டதாம். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. ஹெலிபேடில் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்திருக்கிறார்கள். 'ரயிலைப் பிடிக்கணும்', 'மாத்திரை கீழ இருக்கு', 'நாலு நிமிஷம் வெளிச்சம் வந்துச்சே, அப்ப போயிருக்கலாமே'. கீழேயிருந்து எந்த பைலட்டும் ஏறி வரவில்லை. சாயங்காலம் கேன்சல் என்று அறிவித்துவிட்டார்கள். நாலு பேரும் கிடைத்த ரூமில், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்து, மறுநாள் விடிகாலையில் இறங்கினார்கள்.

"பைலட்டுங்களுக்கு தைரியமே இல்லடா" என்று பெரியப்பா இப்போதும் சொல்கிறார். அப்பாவின் வருத்தம் அந்த ராத்திரி ரூம் வாடகை. பேரம் பேசியும் குறைக்கவே இல்லையாம்.