முஅல்லிமின் ஹிஸாப்

வகுப்பறையில் ஆபிரிக்காவை நான் பெயர்களாலும் ஆண்டுகளாலும்தான் படிப்பித்தேன். 1963 மே 25, அடிஸ் அபாபா, 32 நாடுகள், ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு. கானாவின் குவாமே நிக்குருமா, தங்கனிக்காவின் ஜூலியஸ் நைரேரே. கரும்பலகையில் எழுதிப்போட்டு, பாடமாக்கச் சொல்லிவிடுவேன். ஓர் ஆசிரியரின் வேலை அத்தோடு முடிந்ததாக எண்ணிய காலம் அது.

நைரேரே மீது எனக்குத் தனிப் பிரியம் இருந்தது. அவரது மக்கள் அவரை 'ம்வாலிமு' என்றே அழைத்தார்கள். சுவாஹிலியில் ஆசிரியர் என்று பொருள். அரபியின் 'முஅல்லிம்' இந்துசமுத்திரக் கரையோரமாகப் பயணித்து அங்கே இப்படியாகியிருக்கிறது. நம் ஊர்களில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுப்பவரும் முஅல்லிம்தானே. அவர் முன்வைத்த 'உஜமா' என்ற கொள்கைப் பெயருக்குள்ளும் நம்முடைய 'ஜமாஅத்' ஒளிந்திருக்கிறது. கிறிஸ்தவரான அந்தத் தலைவர் இந்தச் சொற்களால் எனக்கு உறவுக்காரரைப் போலானார்.

முழு ஆபிரிக்காவுக்கும் உடனடியாக ஒரே அரசாங்கம் வேண்டும் என்றார் நிக்குருமா. அயல்நாடுகள் முதலில் இணையட்டும், படிப்படியாகப் போவோம் என்றார் நைரேரே. 1964இல் கெய்ரோ மாநாட்டில் இருவரும் பகிரங்கமாகவே முரண்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் தங்கனிக்காவும் சன்சிபாரும் இணைந்து, பின்னர் தன்சானியா என்று பெயர் பெற்றன. 1966இல் நிக்குருமாவின் ஆட்சி கவிழ்ந்தபோது, நைரேரேயின் பொறுமையே வென்றதென எனக்குத் தோன்றியது. இருவரில் யார் சரி என்று மாணவரிடையே விவாதப் போட்டிகூட நடத்தினேன். ஒற்றுமை என்பது மாநாட்டு மண்டபத்துச் சமாசாரம் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, எனக்கும்தான்.

ஆனால் 1972இல் அந்த முஅல்லிம் செய்த ஒரு காரியத்தை நான் படிப்பிக்கவேயில்லை. மக்கள் தெரிவுசெய்த உள்ளூராட்சி சபைகளை அவரது அரசாங்கம் கலைத்தது. அதிகாரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறோம் என்பதே சொல்லப்பட்ட நோக்கம். போய்ச் சேர்ந்தவர்களோ அதிகாரிகள். அவர்கள் பதில் சொல்ல வேண்டியது தாருஸ்ஸலாமிலுள்ள தலைமைக்கேயன்றி, கிராமத்தவருக்கல்ல. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் உஜமாக் கிராமங்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். பல இடங்களில் அது பலவந்தமாகவே நடந்தது. 'இது சரிவராது' என்று எழுந்து சொல்வதற்கு ஒரு சபை இருக்கவில்லை. 1976இல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களும் கலைக்கப்பட்டன. உள்ளூராட்சிச் சட்டங்கள் மீண்டும் வந்தது 1982இல். சபைகள் இயங்கத் தொடங்கியது 1984இல். அவ்வாண்டு ஒரு நேர்காணலில், மறுபடி தொடங்க நேர்ந்தால் செய்யமாட்டேன் என்று நைரேரே சொன்னவை இரண்டு: உள்ளூராட்சியை ஒழித்ததும், கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்ததும். பதவியில் இருந்துகொண்டே ஒரு ஜனாதிபதி சொன்ன வார்த்தை அது.

ஓய்வுபெற்ற பின்னர்தான் இதை வாசித்தேன். வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக நான்கு வருடங்கள் இருந்தவன் நான். ஒரு கூட்டத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் தகப்பன் ஒருவர் எழும்பினார்.

"சேர், குறை நினைக்கப்படாது. நாங்க எல்லாரும் காசி தந்தம். அது எங்க போனதெண்டு ஒரு கடதாசியில எழுதி ஒட்டினா என்ன?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னையா சந்தேகிக்கிறார் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனால் கடைசிவரை கணக்கை ஒட்டவுமில்லை.

அவர் கேட்ட அந்தக் கடதாசியின் பெறுமதியைப் பின்னர் உகண்டா எனக்குக் காட்டியது. 1991 முதல் 1995 வரை அங்கே ஆரம்பப் பாடசாலைகளுக்கென மத்திய அரசு தலைக்கு இவ்வளவென ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பாடசாலைகளை எட்டியதாக ஓர் ஆய்வு கண்டது. தங்களுக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதே பெற்றோருக்குத் தெரியாது. அதன்பின் மாவட்டங்களுக்கு அனுப்பிய தொகை பத்திரிகைகளில் வெளியிடப்பட்டது. பாடசாலைச் சுவரிலும் ஒட்டப்பட்டது. 2001 அளவில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டென்று பின்னர் சிலர் வாதிட்டார்கள். இருக்கலாம். என்றாலும் சுவரில் ஒட்டிய கடதாசியை எழுத்துக் கூட்டி வாசிக்கும் ஒரு தாய்க்கு, அதன்பின் கேள்வி கேட்க ஓர் ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

2002இல் டேர்பனில் ஆபிரிக்க ஒன்றியம் பிறந்தது. 2014இல் மலாபோவில் கூடிய அதன் தலைவர்கள், அதிகாரப் பரவலாக்கத்துக்கும் உள்ளூராட்சிக்குமென ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டார்கள். கண்டத்தின் ஒற்றுமையைப் பேசுகிறவர்கள் கிராமத்துச் சபையையும் தங்கள் சாசனத்தில் எழுத, அடிஸ் அபாபாவிலிருந்து 51 ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. சாசனம் வந்ததாலேயே சபைகள் பதில் சொல்லத் தொடங்கிவிடா. அது கேட்கிறவர் இருப்பதைப் பொறுத்தது. தன் ஊர்ச் சபையிடமே கணக்குக் கேட்க முடியாத ஒருவருக்கு, ஒரு கண்டத்தின் ஒற்றுமையில் என்ன பங்கு இருக்க முடியும்?

கணக்குக்குச் சுவாஹிலியில் 'ஹெசாபு' என்கிறார்கள். நம்முடைய ஹிஸாப்தான். அந்த முஅல்லிம் தன் ஹிஸாபை உலகறியச் சொன்னார். என்னிடம் கேட்ட அந்த மனிதர் மவுத்தாகிப் பல வருடங்களாகின்றன. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. எல்லாம் சரியாகவே கூட்டி எழுதப்பட்டிருக்கின்றன. காட்ட வேண்டியவருக்கு மட்டும் காட்டவில்லை.