தலைப்பிரசவத்துக்கு அம்மா வரட்டும்

டிசம்பர் பிறந்தால் தாராவியில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குப் போகிறவர்கள் முதலில், பொங்கலுக்குப் போகிறவர்கள் பின்னால். தாதர் வண்டி, நாகர்கோவில் வண்டி என்று குழாயடியில்கூட டிக்கெட் பேச்சுதான். எங்கள் சந்தில் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கீதபவனிக்காரர்கள் பாடிக்கொண்டு நுழைவார்கள். விடிவதற்குள் கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியாமல் எட்டாம் மாதத்து வயிற்றோடு புரண்டுகொண்டிருந்தேன் நான்.

எனக்கும் ஊருக்குப் போக ஆசைதான். ஆசை என்றால் போதாது, ஏங்கிப்போய்க் கிடந்தேன். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் எனக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எங்கள் பக்கம் வேறு பேச்சே கிடையாது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, வளையல் குலுங்க மகளை அழைத்துப் போவார்கள். பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார். மார்கழியில் அழைக்கக் கூடாது, கார்த்திகைக்குள் வந்துவிட வேண்டும் என்று அம்மா ஆவணியிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். உள்ளறைக்கு வெள்ளையடித்தாயிற்று, தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டியாயிற்று என்று போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி முடிந்த வாரம் சயான் ஆஸ்பத்திரியில் செக்கப். ஒரு டம்ளர் தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கலக்கிக் கொடுத்தார்கள். பாதி டம்ளரிலேயே தொண்டை திகட்டிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் வந்து மறுபடி குடிக்க வேண்டும் என்றார்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்திப் பெண் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, மோந்து பார்க்கச் சொல்லிக் கையில் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் அதை மோந்தபடியே இருந்தேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. எனக்கு 158.

சாப்பிட்டிருந்தாலும் சரி, வெறும் வயிறானாலும் சரி, ஒரே தடவை ரத்தம் எடுத்துத் தெரிந்துகொள்கிற இந்த எளிய முறையை நாட்டில் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வா என்றால், வெகுதூரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணிக்கு எவ்வளவு கஷ்டம்! அவர் பிறந்த நாளான மார்ச் 10-தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். அவர் நம்மூர்க்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "நம்ம வம்சத்துல யாருக்கும் சுகர் கிடையாதே, உனக்கு மட்டும் எப்படிட்டி வந்துச்சு?" என்றாள். எனக்கே அந்தக் கேள்வி உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலைசெய்ய விடாமல் தடுப்பதால் வருவது, பெரும்பாலும் பிரசவத்தோடு இறங்கிவிடும், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மருந்து அல்லது இன்சுலின்.

வருஷத்திலேயே இனிப்பு அதிகம் புழங்குகிற காலத்தில்தான் இது வந்து சேர்ந்தது. தீபாவளி அதிரசம் டப்பாவில் இன்னும் இருந்தது. எதிர்வீட்டுச் சித்தி கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பிளம் கேக்கும் தட்டு நிறைய வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மாசமாக இருக்கிறவள் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வேண்டாம் என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லாதவர்கள் இல்லை. கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

ஊருக்குப் போவதா இல்லையா என்பதை இந்தச் சர்க்கரைதான் தீர்த்துவைத்தது. ஒன்றரை நாள் ரயிலில் வேளாவேளைக்கு எதைச் சாப்பிடுவது, எப்படி ரத்தம் பார்ப்பது? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம் நன்றாகவே பார்க்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் மாதத்திலிருந்து என்னைப் பார்த்த டாக்டரை விட்டுவிட்டு, எட்டாம் மாதம் புதிதாக ஓர் இடத்தில் போய்ச் சீட்டு எடுக்க மனசு துணியவில்லை. என் பிரசவ லீவுக் கணக்கும் இடித்தது. 2017-இல் சட்டம் திருத்திய பிறகு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடிவது 8 வாரம்தான். ஏழாம் மாதமே கிளம்புகிற வழக்கத்துக்கு அது எப்படிப் போதும்?

இன்னொரு விஷயத்தை அத்தை ஞாபகப்படுத்தினார்கள். என் வீட்டுக்காரர் அத்தைக்குத் தலைப்பிள்ளை, அதனால் பிறந்தது ஊரில். பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்துவதற்காக இங்கிருந்து ஊருக்கு அலைந்திருக்கிறார். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். பிள்ளை எங்கே பிறக்கிறதோ அந்த ஊர் அலுவலகம்தான் அதைத் தரும். மும்பையில் வளரப்போகிற பிள்ளைக்குச் சான்றிதழ் மும்பையிலேயே இருப்பது நல்லதில்லையா?

இத்தனை காரணமும் அறிவுக்குச் சரி, மனசுக்குத்தான் ஆறவில்லை. மாட்டுங்காவில் வளையலும் பூவும் வாங்கி, கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே வளைகாப்பு நடந்தது. மறுநாள், அதற்காக வந்திருந்த அம்மாவையும் அப்பாவையும் தாதரில் வண்டி ஏற்றிவிடப் போனேன். எனக்கென்று எடுத்திருந்த கீழ் பெர்த்தை அப்பா கேன்சல் செய்திருந்தார். அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தவள், வளையலை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தாள். வண்டி நகர்ந்த பிறகு நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த ராத்திரி அத்தைதான் போன் போட்டார்கள். "மதினி, அவ அங்க வர முடியாட்டி என்ன, நீங்க இங்க வந்துருங்க. இருக்கற இடத்துல படுத்துக்கிடலாம்." எங்கள் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை, அவ்வளவுதான். சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா என்று அம்மா ரொம்ப யோசித்தாள். அப்பாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஜனவரி முதல் வாரம் ஒரு சாக்கு முருங்கைக்கீரையும் உளுந்துமாக வந்து இறங்கினாள்.

இப்போது என் விரல் நுனியில் ஊசி குத்துவது அம்மாதான். முதல் நாள் கை நடுங்கியது. துளி ரத்தத்தைப் பட்டையில் வைத்துவிட்டு, மெஷினில் எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். 112 என்றால் "வந்துட்டு, வந்துட்டு" என்று அத்தையைக் கூப்பிடுவாள். காலண்டர் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறாள். வம்சத்தில் யாருக்கும் இல்லையே என்ற பேச்சு நின்றுபோயிற்று. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், அப்புறம் 90 அடி சாலையில் என்னோடு நடை. பொங்கலுக்குக் கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவரிடம் தமிழிலேயே பேரம் பேசி ஒரு பானை வாங்கி வந்திருக்கிறாள். இந்த வருஷம் எனக்கு வெண்பொங்கல் மட்டும்தான்.

சர்க்கரை இருந்த தாய்க்குப் பிறக்கிற பிள்ளைக்கு, பிறந்ததும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடனே சுரக்காவிட்டால்? அந்தப் பயத்தையும் சயான் ஆஸ்பத்திரியே ஆற்றியது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் சயானில்தான் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். பால் மிஞ்சுகிற தாய்மார்கள் கொடுப்பதைப் பதப்படுத்தி, குறைமாதப் பிள்ளைகளுக்கும் நோயாளித் தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் தருகிறார்கள். கண்பட்டுவிடும், பாலை வெளியே கொடுக்காதே என்பார்கள் எங்கள் பக்கம். எனக்கு மிஞ்சினால் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். யோசித்துவிட்டு, "கொடு" என்றாள்.

மும்பையில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். மகளை வரச் சொல்லி மனசு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். அவள் எங்கே செக்கப் பார்க்கிறாளோ அங்கேயே பிள்ளை பிறக்கட்டும். நீங்கள் கிளம்பி வாருங்கள். சம்பந்தி வீடு என்று தயங்க வேண்டாம். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பண்டிகைக் காலத்தில் திறந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். ஏழாம் மாதம் பிறந்ததுமே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.