மூன்று பச்சை விளக்குகள்

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போர் ஏராளம். மருத்துவர், வணிகர், பணி ஓய்வு பெற்றோர் எனப் பலரும் நால்வர் அமரும் விமானத்தைத் தாமே ஓட்டிச் செல்கின்றனர். செஸ்னா 172 போன்றவற்றில் சக்கரங்கள் எப்போதும் கீழே நீண்டே நிற்கும். 1945-இல் முதன்முதலாகப் பறந்த பீச்கிராஃப்ட் பொனான்சா போன்ற வேக விமானங்களிலோ, காற்றின் தடையைக் குறைப்பதற்காக அவை உள்ளே மடங்கிக்கொள்ளும். தரையிறங்குமுன் விமானி அவற்றை மறவாமல் கீழே இறக்க வேண்டும்.

மறந்தால் என்னாகும்? விமானம் வயிற்றால் ஓடுபாதையைத் தேய்த்துக்கொண்டே போய் நிற்கும். முன்விசிறி வளைந்துபோகும், இயந்திரத்தைப் பிரித்துச் சோதிக்க நேரும். உள்ளிருப்போர் பெரும்பாலும் காயமின்றி இறங்கிவிடுவர். உரசும் ஒலி கேட்டுப் பதறி, வளைந்த விசிறியோடு மீண்டும் மேலெழும்ப முயல்வதுதான் உயிருக்கே ஆபத்து.

இவ்வாறு மறப்பவர் புதியவர் மட்டுமல்லர். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களும் மறந்திருக்கின்றனர். சக்கரத்தை இறக்கும் வேளையில், 'முன்னே வேறொரு விமானம் செல்கிறது, சற்றுச் சுற்றி வருக' என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் பணிக்கிறது. விசைப்பிடியை நோக்கிச் சென்ற கை வேறிடம் போகிறது. பிறகு, அந்த வேலை முடிந்துவிட்டதாகவே மனம் நம்பிவிடுகிறது. இயந்திர விசையைக் குறைத்ததும் எச்சரிக்கை ஒலி எழத்தான் செய்யும். ஆயினும், அது காதில் விழவே இல்லை என்று பின்னர் கூறியோர் உண்டு. மனம் ஒன்றில் அழுந்தியிருக்கையில் செவி திறந்திருந்தும் பயனில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் இதை ஒத்த விபத்துகள் நேர்ந்தன. பத்திரமாகத் தரையிறங்கிய பின், இறக்கைத் தகடுகளை மடக்குவதற்குப் பதிலாக விமானிகள் சக்கரங்களை மடக்கிவிட்டனர். 1943-இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், விமானிகளைக் குறை கூறவில்லை. அருகருகே இருந்த இரு விசைகளும் ஒன்றுபோல் இருந்ததைக் கண்டார். ஒன்றுக்குச் சக்கர வடிவிலும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவிலும் பிடி பொருத்தினார். கண் பாராவிடினும் கை அறிந்துகொண்டது, தவறும் நின்றது. இன்றும் சிறு விமானங்களில் சக்கர வடிவப் பிடியைக் காணலாம்.

1967-இல் வந்த பைப்பர் ஆரோ விமானத்திலோ, வேகம் குறைந்தால் சக்கரங்கள் தாமே இறங்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால், நடுவானில் இயந்திரம் நின்றால் வேண்டாத நேரத்தில் சக்கரம் இறங்கி, விமானம் மிதந்து செல்லும் தொலைவைக் குறைத்துவிடக்கூடும். எனவே பின்னாளில் பல விமானங்களில் அது செயலிழக்கச் செய்யப்பட்டது.

இறுதியில் துணை நிற்பது பழக்கமே. எரிபொருள், சக்கரம், எரிகலவை, முன்விசிறி, இருக்கைப் பட்டை ஆகிய ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'கம்ப்ஸ்' என்று விமானிகள் வாய்விட்டுச் சொல்கின்றனர். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கின்றனர். மூன்று சக்கரங்களும் உறுதியாக நின்றதற்கு அடையாளமாக மூன்று பச்சை விளக்குகள் எரிகின்றனவா என்று நோக்குகின்றனர். இடையில் யாரேனும் குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்தே தொடங்குவது நல்ல விமானியின் வழக்கம்.

முதுமையில் அடுப்பை அணைத்தோமா, மாத்திரை விழுங்கினோமா என்ற ஐயம் எழும்போதெல்லாம், 'அறிவு மங்குகிறதோ' என்று பெரியவர்கள் உள்ளூர நடுங்குகின்றனர். வீட்டினரும் சில வேளை கடிந்துகொள்கின்றனர். கூர்மதி படைத்த விமானிக்கும் நேர்வது இது. ஆதலால் நாணம் வேண்டியதில்லை. வேளைக்கொரு சிறு டப்பாவில் மாத்திரையைப் பிரித்து வைக்கலாம். அடுப்புத் திருகைத் தொட்டு, 'அணைத்தாயிற்று' என்று வாய்விட்டுச் சொல்லலாம். நடுவில் தொலைபேசி அழைத்தால், பேசி முடித்த பின் மீண்டும் ஒருமுறை அடுப்பங்கரைக்குச் சென்று பார்த்து வரலாம். அருகிலிருப்போர் கடிந்துகொள்வதை விடுத்து, அந்த டப்பாவை நிரப்பித் தந்தால் அதுவே பேருதவி.